லிம் அங்கிள் சொன்னார்

சமையலறையில் மீன்குழம்பு நாற்றம் தாங்கவில்லை. குழம்பு தீர்ந்து நாலு நாள் ஆகிறது. கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கிற நீலப் பையிலிருந்துதான் வருகிறது. உள்ளே மூன்று பால் பெட்டி, ஒரு சார்டின் டின், கடையில் குழம்பு ஊற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா. நானே கட்டிய கட்டு. நேற்று சனிக்கிழமை அதை மறுசுழற்சி நிலையத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த சீன ஆன்ட்டி பையைத் திறந்தார், முகத்தைச் சுளித்தார், "இனி தா போலே லா, அங்கிள்" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மலாயில் இது ஆகாது என்று அர்த்தம், வீட்டில் கழுவி எடுத்து வர வேண்டுமாம். அறுபத்தாறு வயதில், பரீட்சையில் ஃபெயிலான பையன் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். இல்லை, சிரித்திருக்க மாட்டாய். "இத்தன வருஷமா என் கட்டத் தூக்கிட்டுப் போனீங்களே, அது எப்படி இருக்கும்னு கூடவா பாக்கல?" என்று கேட்டிருப்பாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். வாயைத் திறந்து சொல்ல வேண்டிய காலமெல்லாம் சும்மா இருந்துவிட்டு, நீ போய் மூன்று மாதம் கழித்துக் காகிதத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோழைப் பயல் என்று திட்டிக்கொள். எனக்கு அது தகும்.

எல்லாம் ஜெஞ்சாரோமில் ஆரம்பித்தது. உன் அண்ணன் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறியது. அவ்வளவுதான், உன் அண்ணி எழுந்து ஓடி ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினார், ஈரத்துண்டை எடுத்துக் கதவிடுக்கில் செருகினார். தினம் செய்து பழகிய கை அது, பார்த்தாலே தெரிந்தது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே உன் அண்ணன் மகள் இரும ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது பத்து வயதிருக்குமா? "எங்க எரிக்கிறானுங்கன்னே தெரியல. லோரி வருது, கொட்டுது, போவுது. யாரக் கேக்கறது?" என்றார் உன் அண்ணன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் காடியை ஓட்ட, நீ ஜன்னல் கண்ணாடியை ஏற்றியே வைத்திருந்தாய். பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து, பதினொன்றாம் மாடி ஏறி, வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போய்க் குப்பைத் தொட்டி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றாய்.

"இதுல எது அங்க போவுதுன்னு நமக்குத் தெரியுமாங்க?"

"வந்ததும் வராததுமா குப்பையில என்ன ஆராய்ச்சி? சோத்தப் போடு" என்றேன்.

சோற்றைப் போட்டாய். மறுநாளிலிருந்து நம் வீடு மாறிப் போயிற்று.

பால் தீர்ந்தால் பெட்டியை அறுத்துப் பிரித்து, கழுவி, தட்டையாக்கிக் காயவைப்பாய். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கூடத் துவைத்து ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாய். அரிசி களைந்த தண்ணீர் வராந்தாவில் இருக்கும் கறிவேப்பிலைக்கு. அன்னாசித் தோலையும் கருப்புச் சீனியையும் தண்ணீரில் போட்டு போத்தல் போத்தலாக ஊறவைத்து, அதற்கு 'என்சைம்' என்று பேர் சொல்லி, மூன்று மாதம் கழித்து அதில் தரை துடைப்பாய். ஒரு தடவை நான் பெரிய மேதாவி மாதிரி மூடியை இறுக்கித் திருகி வைத்தேன். மறுநாள் மத்தியானம் அது வெடித்து, என் பழைய ரயில்வே குரூப் போட்டோ வரைக்கும் அன்னாசித் தண்ணி. "காத்து போகணும்ங்க, நம்மள மாதிரிதான் அதுவும்" என்று சொல்லிச் சிரித்தபடியே துடைத்தாய். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

தோசைக் கடைக்கு நீ எவர்சில்வர் தூக்கு எடுத்துக்கொண்டு வருவாய். அப்போதுதான் எனக்கு உயிர் போகும். சனங்கள் வரிசையில் நிற்பார்கள், நீ பையிலிருந்து தூக்கையும் சட்னிக்கு மூன்று கிண்ணத்தையும் எடுத்து வரிசையாக வைப்பாய். "அக்கா வந்துட்டாங்க, பிளாஸ்டிக்க உள்ள வை" என்று கடைக்காரத் தம்பி கிண்டல் செய்வான். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் பத்தடி தள்ளி நின்று, உன்னோடு வராதவன் மாதிரி, மேலே போகும் மோனோரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரயில்வேயில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் மோனோரயிலை அப்படி என்ன அதிசயமாகப் பார்ப்பது? கூட நின்று கிண்ணத்தையாவது பிடித்திருக்கலாம்.

அத்தனை வேலையையும் நீயே செய்தாய். எனக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை காலையில், வாரம் முழுக்க நீ கழுவிக் காயவைத்துப் பிரித்துக் கட்டிய கட்டுகளைப் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் இருக்கிற அந்த நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காகிதம் ஒரு கட்டு, டின் ஒரு கட்டு, பிளாஸ்டிக் ஒரு கட்டு. காடியில் வைத்து, இருபது நிமிஷம் ஓட்டி, இறக்கிவிட்டு வர வேண்டும். இதில் என்ன கஷ்டம்?

முதல் சனிக்கிழமை உண்மையிலேயே போனேன். அதை மட்டும் நீ நம்ப வேண்டும். நான் போன நேரம் கதவு பூட்டியிருந்தது. மழை வேறு ஊற்றியது. கால் மணி நேரம் காடிக்குள் உட்கார்ந்திருந்தேன். என் கூட்டாளிகள் மூன்று பேர் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருப்பார்கள் என்று ஞாபகம் வந்தது. காடியைத் திருப்பிவிட்டேன். தே தாரே டீயைக் குடித்து முடித்து எழுந்தபோது பின் சீட்டில் கட்டுகள் அப்படியே இருந்தன. கடை வரிசைக்குப் பின்னால் பெரிய குப்பைத் தொட்டி. ஒரு நிமிஷம்தான் யோசித்தேன். இந்த ஒரு தடவை, அடுத்த வாரம் ஒழுங்காகப் போய்விடலாம் என்று மூன்று கட்டையும் தூக்கி உள்ளே போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் நீ வாசலிலேயே நிற்கிறாய்.

"குடுத்திட்டீங்களா?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. குப்பையைக் கொடுத்தால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ஆனால் உன் முகத்தில் அப்படி ஓர் ஆசை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் பேர் கூப்பிடுவார்களா என்று நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாய். என் வாய் தானாகத் திறந்தது.

"ஒரு சீனக் கிழவர் இருந்தாரு. பிரிச்சுப் பாத்தாரு. இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டாந்ததில்லன்னாரு."

உன் முகம் மலர்ந்ததே, அதை நான் என்னவென்று எழுத? கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "அப்படியா சொன்னாரு? அவர் பேரு என்னங்க?" என்று கேட்டாய். லிம் என்றேன். இந்த ஊரில் லிம்முக்கா பஞ்சம்.

மறுவாரம் ஒழுங்காகப் போக வேண்டியவன், போகவில்லை. போனால் அங்கே லிம் இருக்க மாட்டாரே என்று ஒரு நொண்டிச் சாக்கு. அதற்கடுத்த வாரம் சாக்கும் தேவைப்படவில்லை. சனிக்கிழமை என்றால் கட்டு, காடி, கடைக்குப் பின்னால் தொட்டி, கூட்டாளிகளோடு ரொட்டி சானாய், வீட்டுக்கு வந்து லிம் அங்கிள் கதை. ஒன்பது வருஷம். எழுதும்போது கை கூசுகிறது.

கதை வளர்ந்துகொண்டே போயிற்று. லிம் அங்கிளுக்கு இடது காதில் மிஷின். பெண்டாட்டி செத்துப் போய்விட்டாள். முன்பு அச்சாபீஸில் வேலை. இதெல்லாம் நான் வேண்டுமென்று கட்டியதில்லை, நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "பாவம், தனியா இருக்காரு" என்று தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டின் நிறைய முறுக்கு சுற்றிக் கொடுத்தாய், "அவருக்குக் காரம் ஆகாது, தனியாச் செஞ்சது" என்று. காரமில்லாத அந்த முறுக்கை ஒட்டுக்கடையில் வைத்து நானும் என் கூட்டாளிகளும் தின்றோம். "உன் பொண்டாட்டி கை கை தான்லா" என்று அவர்கள் பாராட்டினார்கள். நான் தலையை ஆட்டினேன். தொண்டையில் ஒரு துண்டும் சிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், எனக்கு அந்த லிம் மேல் பொறாமை வந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் "லிம் அங்கிள் சொன்னாரில்ல" என்பாய். எண்ணெய் போத்தலைச் சூடான தண்ணியில் கழுவச் சொன்னார், லேபிளை உரிக்கச் சொன்னார். உன் மனசுக்கு நீயே செய்ததற்கெல்லாம் அவர் பேரை வைத்தாய். ஒருநாள் சாம்பாரில் உப்பு இல்லை என்று நான் எரிந்து விழுந்தேன். "என் வேலைய மெச்சறதுக்கு உலகத்துல ஒரு ஆள் இருக்காரு. அது போதும்" என்று சொல்லிவிட்டு உப்பு ஜாடியை என் முன்னால் வைத்தாய். அந்த ஆளை உருவாக்கினவனே நான்தான் என்று எப்படிச் சொல்ல?

நம் மாடியில் மற்ற வீடுகளும் உன்னைப் பார்த்துப் பழகிக்கொண்டன. நாலாவது வீட்டுக் கவிதாதான் முதலில். திருச்சியிலிருந்து புருஷன் வேலைக்காக வந்த பெண், ஊருக்குப் புதுசு, பேச ஆளில்லாமல் உன்னிடம் ஒட்டிக்கொண்டாள். பிறகு இன்னும் மூன்று வீடு. எல்லோர் கட்டும் வெள்ளிக்கிழமை நம் வாசலுக்கு வந்துவிடும். "எங்க வீட்டுக்காரரு கொண்டு போயிருவாரு. இத்தன வருஷத்துல ஒரு வாரம் தவறினதில்ல" என்று நீ எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வாய். உள்ளே பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். தவறினதில்லைதான். கொரோனாக் காலம் தவிர, அந்தத் தொட்டிக்கு நான் ஒரு வாரம் கூடத் தவறாமல் போனேன்.

கொரோனாவில் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது நான் கொஞ்சம் தப்பித்தேன். நீ விடவில்லை. மாதக்கணக்கில் கழுவிக் கழுவிச் சின்ன அறையில் அடுக்கினாய், கூரை தொடுகிற அளவுக்கு. கட்டுப்பாடு தளர்ந்ததும் நாலு நடை காடியில் ஏற்றினேன். நாலு நடையும் அதே தொட்டி. கடைசி நடையில் ஒரு கட்டு பிரிந்து பால் பெட்டிகள் ரோட்டில் சிதறின. குனிந்து பொறுக்கும்போது பார்த்தேன், ஒவ்வொன்றின் மூலையையும் கத்தரித்து, மடிப்புக்குள் தண்ணீர் தங்காமல் துடைத்திருந்தாய். அந்த இடத்தில் எனக்கு முதல் தடவையாக நெஞ்சில் என்னவோ செய்தது. ஆனாலும் பொறுக்கித் தொட்டிக்குள்தான் போட்டேன். வீட்டுக்கு வந்து, "லிம் அங்கிள் அசந்துட்டாரு. மூலைய கூட வெட்டித் தொடச்சிருக்காங்களேன்னு கேட்டாரு" என்றேன். நீ வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாய்.

பிறகு உன் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ஆறாம் நாள் மத்தியானம், பார்வையாளர் நேரம். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். தோலைக் குப்பையில் போடப் போனால் "பையில வைங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுக் கேட்டாய்.

"லிம் அங்கிள்ட்ட சொன்னீங்களா, நான் இங்க இருக்கேன்னு?"

அப்போது சொல்லியிருக்கலாம். வார்டில் சத்தம் குறைவு, உன் கை என் கையில் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் நீ தாங்குவாயா என்று பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான். மீதிப் பாதி, உன் கண்ணில் நான் எப்படி மாறிவிடுவேன் என்ற பயம்.

"சொன்னேன். சீக்கிரம் எழுந்து வரச் சொன்னாரு. அவங்க கட்டு இல்லாம சனிக்கிழமை சனிக்கிழமையாவே இல்லன்னாரு."

சிரித்தாய். "நல்ல மனுஷன்" என்றாய். நீ என்னிடம் கடைசியாக மெச்சிப் பேசியது அவரைத்தான். மறுநாள் விடிகிறதற்குள் போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கவிதா, எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு தட்டுகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அங்கிள், லிம் அங்கிளுக்குத் தகவல் சொல்லியாச்சா?" சொல்லணும் என்று முனகிவிட்டு நகர்ந்தேன். அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றாலே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன், முட்டி வலி என்று சொல்லி. மாடியில் ஒருத்தரும் கட்டுவதை நிறுத்தவில்லை. எல்லாக் கட்டையும் அவள் தன் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை கதவைத் தட்டினாள். "ஹால்ல நடக்க இடமில்ல அங்கிள். நாளைக்குக் காலைல போயிரலாம், நானும் கூட வரேன். அவரை நேர்ல பாத்துச் சொல்லணும். பாவம், மூணு மாசமா ஆன்ட்டி ஏன் அனுப்பலன்னு நெனச்சிட்டிருப்பாரு." நான் முழித்தேன். பிறகு சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு ராத்திரி அவசர அவசரமாக நானும் ஒரு கட்டு கட்டினேன். வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காதே என்று. அதுதான் இந்த நீலப் பை.

காடியில் போகும்போது எனக்குள் ஒரு சண்டை. லிம் லீவில் இருக்கிறார் என்று சொல்லலாம். ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லலாம். ஏன், செத்துப் போய்விட்டார் என்றே சொல்லிவிட்டால் ஒரேயடியாக முடிந்தது. இல்லாத ஆளைக் கொல்வதில் என்ன பாவம்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே சிக்னலில் நின்றேன். பக்கத்தில் அந்தப் பெண் மடியில் உன் படம் போட்ட நினைவு அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவருக்குக் கொடுக்க.

ஒரு தகரக் கொட்டகை. நாலைந்து வயதான சீனப் பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தொண்டூழியம் செய்கிறவர்கள். கவிதா கொண்டுவந்த கட்டுகளை ஓர் ஆன்ட்டி பிரித்துப் பார்த்து "பாகுஸ், பாகுஸ்" என்று தலையாட்டி வாங்கிக்கொண்டார். நன்றாக இருக்கிறதாம். நீ சொல்லிக் கொடுத்த கட்டு, பாகுஸ் ஆகாமல் என்ன செய்யும்? பிறகுதான் என் பை திரும்பி வந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

"ஃபர்ஸ்ட் டைம் ஆ, அங்கிள்?" என்று அந்த ஆன்ட்டி அன்பாகக் கேட்டார்.

கவிதா சிரித்தாள். "நோ லா, ஆன்ட்டி. இவர் ஒன்பது வருஷமா வராரு" என்று அரைகுறை ஆங்கிலத்திலும் கையாலும் விளக்கினாள். அந்த 'லா' கூட நீ பழக்கிவிட்டதுதான். பிறகு கேட்டாள், லிம் அங்கிள் எங்கே என்று. காதில் மிஷின் வைத்திருப்பாரே, அச்சாபீஸில் வேலை பார்த்தவர்.

அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லிம் என்று நாலு பேர் இருக்கிறார்கள், யாருக்கும் காது மிஷின் இல்லை. ஒருவர் போய் பழைய பேர்ப் பட்டியலை எடுத்து வந்தார். இன்னொருவர் கையுறையைக் கழற்றிவிட்டு யாருக்கோ போன் போட்டு அவர்கள் மொழியில் விசாரித்தார். எழுபது வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பட்டியலில் ஒவ்வொரு பேராக விரல் வைத்துத் தேடுகிறார். நான் நீலப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்த அம்மாள் நிமிர்ந்து, கண் கலங்க, ஒருவேளை அவர் காலமாகியிருப்பார், பேரை எழுதிக் கொடுங்கள், எங்கள் பிரார்த்தனையில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தா அடா, ஆன்ட்டி" என்று மலாயில் சொன்னேன். பிறகு கவிதா பக்கம் திரும்பி, "அப்படி ஒரு ஆளே இல்லம்மா. நான் கட்டிவிட்ட கதை. இந்த இடத்துக்குள்ள நான் இன்னைக்குத்தான் கால வைக்கிறேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், பூட்டிய கதவிலிருந்து முறுக்கு வரைக்கும், அந்தக் கொட்டகையில் நின்றபடியே. சீன ஆன்ட்டிகளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்காரவில்லை.

"இத்தன வருஷமா நாங்க குடுத்ததெல்லாம்?" என்று கேட்டாள் கவிதா.

"குப்பையோட குப்பையாதான் போச்சு."

அதைச் சொன்னபோதுதான் உன் அண்ணன் வீடு கண்முன் வந்தது. நீ கழுவி, துடைத்து, கட்டிய அத்தனையும் எந்த லோரியில் ஏறி, எந்தப் பள்ளத்தில் விழுந்ததோ. அதில் எவ்வளவு எரிந்ததோ. அண்ணன் மகள் இன்னும் மூச்சு மருந்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் காலேஜுக்குப் போகிறாள். உன் கட்டு அவளுக்கு ஒன்றும் செய்திருக்காது என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஆகக் கூடாது என்றுதானே நீ அந்தக் குப்பைத் தொட்டி முன்னால் நின்றாய்?

திரும்பி வரும்போது அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிட் வேலி தாண்டின பிறகு கேட்டாள்.

"அவர் சொன்னதா ஆன்ட்டி எங்ககிட்ட சொல்வாங்களே அங்கிள். இவ்வளவு சுத்தமா யாரும் தர்றதில்லன்னு. இந்தக் கை பட்டா குப்பை கூட குப்பையா இருக்காதுன்னு. அதுவும் பொய்யா?"

"ஆளுதாம்மா பொய். சொன்னது பொய்யில்ல."

"அப்ப அத நீங்களே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டாள். நான் காடியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ரோட்டைப் பார்க்க முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை? எனக்கே தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் உன் சமையலில் உப்பு இல்லாத நாளைச் சொல்லியிருக்கிறேன், சரியாக இருந்த நாளைச் சொன்னதில்லை. நம் வீட்டில் ஆம்பிளைகள் அப்படித்தான் என்று வளர்ந்துவிட்டேன். பெண்டாட்டியை நேராகப் பார்த்து நன்றாகச் செய்தாய் என்றால் என்னவோ குறைந்துபோகும் என்று ஒரு நினைப்பு. உன்னைக் குப்பைப் பைத்தியம் என்றேன், வீட்டைக் குப்பை யுனிவர்சிட்டி என்றேன். அதெல்லாம் என் பேரில், என் குரலில் சொன்னேன். நல்லதைச் சொல்ல மட்டும் எனக்கு ஒரு சீனக் கிழவர் வேண்டியிருந்தது.

இந்தக் கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, இன்றைக்கு மத்தியானம் பையைப் பிரித்துக் கொட்டி உட்கார்ந்தேன். ஒரு பால் பெட்டியைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா? உனக்குத் தெரியும். எனக்குத்தான் இன்றைக்குத் தெரிந்தது. மடிப்புக்குள் விரல் போகவில்லை. சார்டின் டின் விளிம்பு கையைக் கீறிவிட்டது. உன் விரல்களில் எப்போதும் சின்னச் சின்னக் கீறல் இருக்கும், காய் நறுக்கும்போது பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதையும் கேட்டதில்லை. மீன்குழம்பு டப்பாவை மூன்று தடவை சோப்புப் போட்டும் பிசுக்குப் போகவில்லை. கவிதா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல காகிதத்தால துடைக்கணும் அங்கிள், அப்புறம்தான் தண்ணி. ஆன்ட்டி சொல்வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னோடு பேசுகிறாள், அதுவரைக்கும் நிம்மதி. மற்ற மூன்று வீட்டுக்கும் நானே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லுவேன். அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால்.

ஆனால் உன்னிடம் சொல்ல முடியாதே. ஏமாற்றினதற்கு மன்னிப்புக் கேட்கலாம், கேட்கிறேன், காலில் விழுந்து கேட்கிறேன். அது ஒரு பக்கம். எனக்கு ஆறாமல் கிடப்பது வேறு. லிம் அங்கிள் சொன்னதாக நான் கொண்டுவந்து கொடுத்த ஒவ்வொரு வார்த்தையும், கட்டைத் தொட்டியில் போடும் முன்னால் ஒரு நொடி உற்றுப் பார்த்து, எனக்கே தோன்றினது. மூலை வெட்டினதைப் பார்த்தவன் நான். அசந்து போனவன் நான். உன்னை இவ்வளவு மெச்சினது உன் புருஷன் என்று தெரியாமலேயே, யாரோ ஒரு கிழவர் மெச்சினார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நீ போய்விட்டாய்.